கருவியில் ஏறாத கிண்டல்

அக்டோபர் 6

இன்று அவருக்கு ஸ்விட்ச் ஆன். மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் போடுவதை ஒரு மனுஷனுக்குப் போட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலில் ‘ஒலி பிறக்கும் திருநாள்’ என்று பேனர் வேறு. கேமராக்காரர் ஒருவர் என்னிடம் வெள்ளைக் கைக்குட்டையை நீட்டி, “ஐயாவுக்குக் கேட்டதும் நீங்க அழுவீங்கல்லங்க, அப்ப இதுல தொடச்சுக்குங்க. வெளிச்சத்துக்கு நல்லா எடுக்கும்” என்றார். ஒத்திகை பார்க்கச் சொல்லாததுதான் பாக்கி.

டைரி எழுதுவது என் யோசனை இல்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பௌசியா என்கிற பெண்தான், “வீட்ல இருக்கறவங்க தெனமும் ரெண்டு வரி எழுதி வைங்கம்மா. முன்னேற்றம் உங்களுக்கே தெரியும்” என்றாள். சரி, எழுதுகிறேன். என் பெயர் வசந்தாமணி. ‘அவர்’ என்றால் என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து, கோயம்புத்தூரில் பம்புசெட் கம்பெனி ஒன்றில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு விஷக்காய்ச்சல் வந்தது. போகும்போது இரண்டு காதையும் கையோடு கொண்டுபோய்விட்டது. போன மாதம் ஆபரேஷன் செய்து, உள்காதுக்குள் மெல்லிய கம்பி ஒன்றை வைத்தார்கள். காக்ளியர் இம்ப்ளான்ட் என்று பெயர். இன்று வெளிக்கருவியை மாட்டினார்கள். காதுக்குப் பின்னால் ஒரு கொக்கி, அதிலிருந்து ஒரு வட்டம். வட்டம் காந்தத்தால் மண்டையில் போய் ஒட்டிக்கொள்கிறது. பூட்டிய பீரோவில் சாவி ஒட்டி வைத்த மாதிரி இருக்கிறது.

பௌசியா கம்ப்யூட்டரில் எதையோ தட்டினாள். “ஐயா, என்ன கேக்குது?”

அவர் புருவத்தைச் சுருக்கினார். “எலி கத்துது” என்றார்.

அடுத்து என்னைப் பேசச் சொன்னார்கள். நாலு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தேனே! “வாங்க மகாராஜா, நாலு வருசம் நல்லா ரெஸ்ட் எடுத்தீங்களா?” என்றேன். அவர் என் வாயையே பார்த்தார். மூன்றாவது தடவை சொன்னபோது புரிந்துகொண்டு, “எடுத்தேன்” என்றார். அவ்வளவுதான். சிரிக்கவில்லை. நானும் அழவில்லை. கேமராக்காரர் எங்கள் இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். அங்கே நல்ல குடும்பம் ஏதாவது இருந்திருக்கும்.

அக்டோபர் 9

கேட்டது: குக்கர் விசில், தட்டு விழுந்த சத்தம். கேட்காதது: காலிங் பெல். என் குரல், கீரைக்காரி குரல், டிவியில் செய்தி வாசிப்பவர் குரல் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதாம். “ஒரே ஆளு எல்லா வேசமும் போட்டாப்ல இருக்குது புள்ள” என்கிறார்.

எனக்குச் சுருக்கென்றது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள் நான். அந்தக் காலத்தில் வெளியூருக்கு ட்ரங்க் கால் போடுகிறவர்கள், லைன் கிடைக்க ஒரு மணி நேரம் ஆகும் என்று நான் சொன்னால், “பரவால்லீங்க, நீங்க பேசிட்டு இருங்க” என்பார்கள். அந்தக் குரலைக் கொண்டுபோய்க் கீரைக்காரியோடு சேர்த்துவிட்டார்.

அக்டோபர் 15

இன்று பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அதனால் வேறு விஷயம் எழுதுகிறேன்.

என் வாயைப் பற்றி எங்கள் சொந்தத்தில் பொதுவாக நல்ல அபிப்பிராயம் கிடையாது. கல்யாண வீட்டில் நான் உட்கார்ந்த வரிசையில் யாரும் உட்கார மாட்டார்கள். நான் திட்டவே மாட்டேன். பாராட்டுவேன். அதுதான் பிரச்சினை. இழுத்து இழுத்துப் பேசி நக்கல் அடிப்பதெல்லாம் கற்றுக்குட்டிகள் வேலை. நான் வார்த்தையை இழுக்க மாட்டேன், முகத்திலும் ஒன்றும் காட்ட மாட்டேன். ஆபரேட்டர் வேலையில் முகம் எதற்கு? குரலைக் கடைசியில் ஒரு இம்மி இறக்குவேன். படவேண்டியவருக்குப் படும்.

அதற்குச் சிரித்த ஒரே ஆள் இவர்தான். பெண் பார்க்க வந்த அன்று காபியைக் கை தவறித் தரையில் கொட்டிவிட்டார். “பரவால்லீங்க, நெலமும் காத்தால இருந்து ஒண்ணும் குடிக்கல” என்றேன். எல்லோரும் பதறினார்கள். இவர் மட்டும் சிரிக்க ஆரம்பித்து, அடக்க முடியாமல் வாசலுக்கு எழுந்து போய்விட்டார். அந்தச் சிரிப்புக்காகத்தான் சரி என்றேன். வேறென்ன இருந்தது அவரிடம்?

காது போன பிறகு சிலேட்டில் எழுதிக் காட்டினேன். கிண்டலைச் சாக்பீஸில் எழுதினால் ரேஷன் கடை அறிவிப்பு போல இருக்கிறது. நாலு வருஷம் என் வாய் சும்மா கிடந்தது. எனக்கு இந்தக் கருவியிடம் வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. அந்தச் சிரிப்பு திரும்ப வந்தால் போதும்.

அக்டோபர் 20

தீபாவளி. ஊரே வெடித்துத் தள்ளியது. அவர் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினார். எனக்குக் கழற்ற வசதி இல்லை.

நவம்பர் 3

நல்ல முன்னேற்றம். எதிரில் உட்கார்ந்து நிதானமாகப் பேசினால் முழு வாக்கியமும் புரிகிறது. ஃபேனை நிறுத்த வேண்டும், அவ்வளவுதான்.

இன்று தானே ரசம் வைத்தார். புளியைக் கரைத்தாரா, மரத்தையே கரைத்தாரா தெரியவில்லை. ஒரு வாய் வைத்ததும் பல் கூசிவிட்டது. “அடடா, அமிர்தமுங்க மாமா! ஓட்டலே வெச்சரலாம்” என்றேன்.

அவர் கரண்டியோடு நின்று என்னைப் பார்த்தார். “நெசமாவா புள்ள?”

“பின்ன? இன்னும் ரெண்டு கரண்டி ஊத்துங்க.”

ஊற்றினார். சிரிக்கவில்லை. ஆனால் முகம் முழுக்க வெளிச்சமாக இருந்தது.

நவம்பர் 4

ரசம்.

நவம்பர் 5

ரசம். பழிவாங்குகிறார் என்று நினைக்கிறேன்.

நவம்பர் 12

காலையில் விடிந்து வெகுநேரம் ஆகியும் அவர் எழுந்திருக்கவில்லை. காபியை வைத்து, கருவியை எடுத்து மாட்டிவிட்டு, “தூங்குங்க மாமா, தூங்குங்க. இப்பவே எந்திரிச்சா ஒடம்பு என்னத்துக்கு ஆகறது” என்றேன். “செரி புள்ள” என்று கருவியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்தார். “நல்லாத் தூங்குனேன். நீ சொன்னது செரிதான்” என்றார்.

முப்பது வருஷத்துக்கு மேல் என்னோடு குடித்தனம் செய்ததில் என் வித்தையைக் கற்றுக்கொண்டுவிட்டாரோ என்று சந்தேகமாக இருக்கிறது. என்னையே கிண்டல் செய்கிறார், அதுவும் முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

நவம்பர் 19

கிளிப்பச்சையில் ஒரு சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். “ராசா மாதிரி இருக்கீங்க” என்றேன். சாயங்காலம் அதே நிறத்தில் இன்னும் இரண்டு சட்டை வாங்கி வந்துவிட்டார்.

நவம்பர் 27

மல்லிகைப்பூ வாங்கி வந்தார். நான் கேட்கவில்லை, வெள்ளிக்கிழமையும் இல்லை, வீட்டில் விசேஷமும் இல்லை.

“எதுக்குங்க?”

“சும்மாதான்.”

எனக்குப் பயம் வந்துவிட்டது. பெங்களூரில் இருக்கும் மகள் யாழினிக்குப் போன் செய்து, “உங்கொப்பனுக்கு என்னமோ ஆயிருச்சு கண்ணு” என்றேன். அவள் சிரித்தாள். “அப்பா ஜாலியா இருக்காரும்மா. நேத்து வீடியோ கால்ல, ‘உங்கம்மா நெம்ப மாறிட்டா, என்ன செஞ்சாலும் பாராட்டறா’ன்னு சொல்றாரு. நீ என்னம்மா பண்ணுன?”

“அந்த ரசத்தைத் தெனமும் குடிச்சா யாரா இருந்தாலும் மாறத்தான் செய்வாங்க” என்று போனை வைத்தேன்.

பூவை வைத்துக்கொண்டேன். வீணாக்குவானேன்.

டிசம்பர் 6

பாட ஆரம்பித்துவிட்டார். குளியலறையில். ஏதோ பழைய சினிமாப் பாட்டு. வார்த்தையை வைத்துத்தான் எந்தப் பாட்டென்று கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. ராகம் ஒரு பக்கம் போகிறது, இவர் ஒரு பக்கம் போகிறார், வழியில் இரண்டு பேரும் சந்தித்துக்கொள்ளவே இல்லை. காய்ச்சலுக்கு முன்னால் சுமாராகப் பாடுவார். இப்போது மாடி வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்தும் சத்தம் கேட்டது.

துண்டோடு வெளியே வந்தார். “என்னா கொரலுங்க மாமா! பொங்கல் விழாவுல மேடை ஏறுங்க. சனம் மயங்கி விழுந்துரும்” என்றேன்.

தலையைத் துவட்டுவதை நிறுத்தினார். “பாடட்டுமா?”

“உங்களை விட்டா யாரு இருக்கறாங்க?”

தலையை ஆட்டிக்கொண்டே உள்ளே போனார். சிரிப்பு? அது வரவே இல்லை. கம்பியை உள்ளே வைக்கும்போது சிரிப்பை வெளியே எடுத்துவிட்டார்களோ, ஆஸ்பத்திரியில் கேட்க வேண்டும்.

டிசம்பர் 10

அபார்ட்மெண்ட் சங்கச் செயலாளர் தண்டபாணி வந்தார். லிஃப்ட் ரிப்பேர் என்றால் ஒரு மாதம் எட்டிப் பார்க்காத மனுஷன், இன்று பல்லெல்லாம் தெரிய வந்தார்.

“அக்கா, சார் பொங்கல் விழாவுல பாடறேன்னு பேரு குடுத்திருக்காரு. கேட்டதுமே எனக்குப் புல்லரிச்சிருச்சுங்க! காது கேக்காதவரு பாடறாருன்னா சும்மாவா? அழைப்பிதழ்ல ‘அதிசயக் குரல்’னு பெரிய எழுத்துல போடறோம். கேபிள் டிவிக்கும் சொல்லியாச்சு.”

“நீங்க செயலாளரா இருக்கற வரைக்கும் இந்த அபார்ட்மெண்டுக்கு என்னங்க கொறை” என்றேன். தண்டபாணிக்குக் காது நன்றாக வேலை செய்கிறது. காபிக்குக்கூட நிற்காமல் போய்விட்டார்.

என் வீட்டுக்காரரிடம் போய்க் கேட்டேன். “பேரு குடுத்தீங்களா?”

“நீதான புள்ள சொன்ன?” என்றார், குழந்தை மாதிரி.

புரிந்துவிட்டது. நடிக்கிறார். நான் பயந்துபோய், ‘ஐயோ மாமா, கிண்டலுக்குச் சொன்னேன், மன்னிச்சுக்குங்க’ என்று காலில் விழ வேண்டும். அதற்குத்தான் இவ்வளவும். விழ மாட்டேன். யாரிடம் வந்து யார் நடிப்பது!

டிசம்பர் 18

இன்று நடந்ததை அப்படியே எழுதிவிட வேண்டும்.

பௌசியாவிடம் போயிருந்தோம். அவள் சொன்ன வாக்கியங்களை அவர் அநேகமாகச் சரியாகத் திருப்பிச் சொன்னார். அவளுக்கு ஒரே சந்தோஷம். “எப்படிங்கய்யா இவ்ளோ சீக்கிரம் பழகுனீங்க? நெறைய பேரு மொத மாசமே கழட்டி வெச்சுருவாங்க” என்றாள்.

“எல்லாம் வசந்தாதானுங்க. தட்டிக்குடுத்துட்டே இருக்கறா” என்றார்.

நான் அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, “நடிப்பு நெம்பவே ஓவரா இருக்குது சாமி” என்று பௌசியாவிடம் புகார் வாசித்தேன். வார்த்தை புரிகிறது, சிரிப்பு மட்டும் வரவில்லை, கிண்டல் செய்தால் நன்றி சொல்கிறார் என்றேன்.

அவள் யோசித்தாள். “நீங்க கிண்டல் பண்றப்போ வார்த்தைல என்னம்மா மாறும்?”

“வார்த்தைல ஒண்ணும் மாறாது. கொரல்லதான்.”

“அதுதாம்மா அவருக்குப் போகாது.”

விளக்கினாள். நம் காதுக்குள் சத்தத்தைப் பிரித்து வாங்க ஆயிரக்கணக்கில் நுண்ணிய இழைகள் இருக்கின்றனவாம். அவருடைய கம்பியில் கொஞ்சம் புள்ளிகள்தான். கருவி பேச்சைச் சில கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறிலும் சத்தம் எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது என்பதை மட்டும் அனுப்புமாம். வார்த்தை பிழைத்துக்கொள்ளும். ராகம், அதாவது குரலின் ஏற்ற இறக்கம், பெரும்பாலும் வழியிலேயே செத்துப்போகும். “சொன்னா புரியாதும்மா. உங்க குரலையே போட்டுக் காட்டறேன். ஐயாவுக்கு எப்படிக் கேக்கும்னு கம்ப்யூட்டர்ல தோராயமா செஞ்சு பாக்கலாம்” என்று மைக்கை வைத்தாள்.

எனக்குள் இருந்த ஆபரேட்டர் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “நெம்ப நல்லா இருக்குது, உங்களை அடிச்சுக்க ஆளே இல்ல” என்று ஒரே வாக்கியத்தை இரண்டு விதமாகச் சொன்னேன். ஒன்று, யாழினிக்கு வேலை கிடைத்த அன்று மனசு நிறைந்து சொன்னோமே, அந்த மாதிரி. இன்னொன்று, ரசத்துக்குச் சொன்ன மாதிரி. பௌசியாவே இரண்டாவதற்கு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தொழில் சுத்தம்!

அவள் எதையோ தட்டி ஹெட்ஃபோனைக் கொடுத்தாள். முதலில் ஒன்றும் புரியவில்லை. கேஸ் சிலிண்டர் கசிவது போல யாரோ கிசுகிசுத்தார்கள். “இதுல என்ற கொரலு எங்க சாமி?” என்றேன். “நீங்க சொன்ன வாக்கியத்தையே மனசுல வெச்சுக்கிட்டுக் கேளுங்க” என்றாள். கேட்டேன். அட, வார்த்தைகள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. நெம்ப. நல்லா. இருக்குது. ஆணும் இல்லாமல் பெண்ணும் இல்லாமல் ஒரு கிசுகிசுப்பு என்னைப் போலவே பேசியது.

“இப்ப ரெண்டையும் மாத்தி மாத்திப் போடறேன். எது கிண்டல்னு சொல்லுங்க.”

சிரித்துக்கொண்டேதான் ஹெட்ஃபோனை மாட்டினேன். முதலாவது என்றேன். இல்லையாம். மறுபடி போட்டாள். இரண்டாவது என்றேன். அதுவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். லைனில் “ஹலோ” என்ற ஒரு வார்த்தையை வைத்தே ஆள் பொய் சொல்கிறானா என்று கண்டுபிடித்தவள் நான், என் வாயிலிருந்து வந்த கிண்டல் எது, கொஞ்சல் எது என்று எனக்கே தெரியவில்லை. இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. இரண்டுமே பாராட்டு.

பௌசியா என் கையைத் தொட்டாள். “இது ஒரு கணிப்புதாம்மா. அச்சு அசலா இதேதான் அவருக்குக் கேக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. அவரோட மூளை இதைவிட நல்லாப் பழகியிருக்கலாம். ஆனா ராகம் கொஞ்சம் கஷ்டம்தான்.”

ராகம் போனால் மிச்சம் இருப்பது சொன்ன வார்த்தை மட்டும். நான் சொன்ன வார்த்தைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். அமிர்தம். ராசா. தூங்குங்க மாமா. உங்களை விட்டா யாரு. இவ்வளவு இனிமையாகப் பேசும் பொம்பளை இந்த ஜில்லாவிலேயே இருக்க மாட்டாள். சிரிப்புதான் வந்தது எனக்கு. பௌசியாவும் சிரித்தாள். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தோம்.

அப்போதுதான் கண்ணாடிக் கதவு வழியாக அவரைப் பார்த்தேன். வெளியே பெஞ்சில், கிளிப்பச்சைச் சட்டையில், தொடையில் தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாய் அசைந்துகொண்டிருந்தது. மேடைக்காகப் பழகிக்கொண்டிருக்கிறார். அதற்குப் பிறகு என்னால் சிரிக்க முடியவில்லை.

டிசம்பர் 19

ரசம் வைத்தார். “எப்படி இருக்குது?” என்றார். நான் தண்ணீர் குடித்தேன்.

டிசம்பர் 26

அவரை மேடை ஏறவிடாமல் தடுக்க வேண்டும், காரணத்தையும் சொல்லக் கூடாது. இதுதான் என் திட்டம். திட்டம் நாறிப்போயிற்று.

தண்டபாணியிடம் போய்ப் பாட்டை எடுத்துவிடச் சொன்னேன். அழைப்பிதழ் அச்சாகிவிட்டதாம். “அக்கா, சுருதியெல்லாம் யாரு பாக்கறா? சனம் மனசு உருகுனா போதும்” என்கிறார். என் வீட்டுக்காரரை வைத்து ஊரை உருக்கப் பார்க்கிறார்.

அவரிடம் போய், “பனியில தொண்டை கட்டிக்கும், இந்த வருசம் வேண்டாம் மாமா” என்றேன். “நீ இருக்கறப்ப எனக்கென்ன பயம்? நீ சொன்னதுனாலதான் தைரியமே வந்துச்சு” என்று சொல்லிவிட்டு மிளகுக் கஷாயம் கேட்டார். போட்டுக் கொடுத்தேன்.

விஷயத்தைச் சொன்னால் அவர் மேடை ஏற மாட்டார். சொன்னால், இந்த இரண்டு மாதமாக அவரோடு குடித்தனம் செய்த அந்த நல்ல பொம்பளையும் போய்விடுவாள். ரசத்தைக் குடித்துவிட்டு அமிர்தம் என்பவள், தூங்குங்க என்பவள், பூ வாங்கிக் கொடுக்கத் தோன்றுகிற மாதிரி இருப்பவள். எனக்கே அவளைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. வயிற்றெரிச்சல் என்றே எழுதலாம், யார் பார்க்கப் போகிறார்கள்.

ஜனவரி 2

சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் ஃபேனை நிறுத்திவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். பாட்டு வரிகளை எழுதிய காகிதத்தை மடியில் வைத்திருந்தார்.

“மாமா, அன்னிக்கு உங்க பாட்டு நல்லாருக்குன்னு சொன்னேனுங்கல்ல, அது கிண்டல்.”

“எது?”

“பாட்டு. ரசம். சட்டை. எல்லாமே.”

பௌசியா காட்டியதைச் சொன்னேன். கம்பி, கூறுகள், ராகம் செத்துப்போவது எல்லாம். அவர் பம்பு மோட்டாரைப் பிரித்துப் பார்க்கிற முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பேச்சு தீர்ந்துபோயிற்று. எனக்குத் தீர்ந்துபோவது இதுதான் முதல் தடவை.

“எல்லாமேவா?” என்றார்.

“எல்லாமேதான்.”

“எனக்கும் மொதல்ல சந்தேகமாத்தான் இருந்துச்சு. நீயாவது, என்னைப் பாராட்டறதாவது. அப்பறம் நெனச்சேன், நாலு வருசம் கூடப் பேச ஆளில்லாம நீயும் நொந்து போயிருப்ப, மனசு மாறியிருப்பேன்னு.” காகிதத்தை நாலாக மடித்தார். “இந்த மிசினை மாட்டுனா மண்டைக்குள்ள தகரத்தைச் சுரண்டறாப்ல இருக்கும் புள்ள. மொத வாரமே கழட்டிப் போட்டிருப்பேன். காலைல எந்திரிச்சு மாட்டறதே, இன்னிக்கு நீ என்ன நல்லதாச் சொல்லுவேன்னு கேக்கத்தான்.”

வட்டத்தைத் தலையிலிருந்து பிடுங்கினார். கொக்கியைக் கழற்றினார். இரண்டையும் பெட்டியில் வைத்து மூடிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.



ஜனவரி 4

கருவி பெட்டியில். சிலேட்டை எடுத்து ‘மன்னிச்சுக்குங்க’ என்று எழுதினேன். அதற்கும் ரேஷன் கடை அறிவிப்புக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அழித்துவிட்டேன்.

ஜனவரி 5

அவர் ரசம் வைக்கவில்லை. நான் வைத்தேன். இறங்கவில்லை.

ஜனவரி 6

காலையில் கருவியை மாட்டிக்கொண்டு சமையலறைக்கு வந்தார். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

“ஒரு ரோசனை” என்றார். “இனிமே கிண்டல் பண்றப்ப கையைத் தூக்கிரு. பள்ளிக்கூடத்துல தூக்குவோமில்ல, அப்படி. கை கீழ இருந்தா நெசம். கை மேல இருந்தா கிண்டல்.”

இது ஒரு ஃபோர்மேனுக்குத்தான் தோன்றும். சிவப்பு விளக்கு, பச்சை விளக்கு. நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்கினேன். “உங்க மூளைக்கு நீங்க கலெக்டராயிருக்க வேண்டிய ஆளுங்க மாமா.”

கையைப் பார்த்தார். தலையை ஆட்டினார். இன்னும் சிரிக்கவில்லை. ஆனால் காபி கேட்டார்.

ஜனவரி 8

தோள்பட்டை வலி தாங்கவில்லை. ஒரு நாளில் எத்தனை தடவை தூக்க வேண்டியிருக்கிறது! நான் நிஜமாகப் பேசுவது, உப்பு போதுமா என்று கேட்கிறபோது மட்டும்தான் போலிருக்கிறது. தைலம் தேய்த்துக்கொண்டேன்.

பாட்டு விஷயம் கேட்டேன். “பேரு குடுத்தாச்சில்ல, பாடத்தான் போறேன்” என்றார்.

“சிரிப்பாங்க மாமா.” கை கீழேதான் இருந்தது.

“சிரிக்கட்டும். எனக்குச் சிரிப்பும் கைதட்டலும் ஒரே மாதிரிதான் கேக்குது” என்றார். அப்புறம், “நல்லாப் பாடறோம்னு ஏமாந்து போயி நின்னாத்தான் அசிங்கம். தெரிஞ்சே போயி நின்னா என்ன?” என்றார்.

தைலத்தை எடுத்து இன்னொரு தடவை தேய்த்துக்கொண்டேன்.

ஜனவரி 11

விழா முடிந்தது. சூட்டோடு எழுதிவிடுகிறேன்.

தண்டபாணி வரவேற்புரை, தண்டபாணி தலைமையுரை, தண்டபாணி சிறப்பு அறிவிப்பு. பிறகு என் வீட்டுக்காரரைக் கைத்தாங்கலாக மேடைக்குக் கூட்டிப்போனார்கள். போனது காதுதான், காலில்லை என்று யாராவது சொல்லியிருக்கலாம். “நமக்கெல்லாம் காது இருந்தும் என்ன பிரயோசனம்? இதோ, காதில்லாமலே பாடப்போகிற அதிசயம்!” என்று தண்டபாணி முழங்கினார். கேபிள் டிவிக்காரர் விளக்கைத் திருப்பினார்.

பாடினார். முழுப் பாட்டும். ஒரு சரணத்தைக்கூட விடவில்லை. குளியலறையில் பாடியதே மேல். மேல் ஸ்தாயிக்குப் போக வேண்டிய இடத்தில் இறங்கினார், இறங்க வேண்டிய இடத்தில் எங்கேயோ ஏறிப்போய் நின்றுகொண்டார். நான் சேலை நுனியைச் சுருட்டிக்கொண்டு, யார் முதலில் சிரிக்கப்போகிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். சிரிக்கிறவரை என்ன செய்வது என்றும் முடிவு செய்து வைத்திருந்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. எல்லோரும் தலையைச் சாய்த்து, உதட்டைப் பிதுக்கி, எல்.கே.ஜி. பிள்ளை ஒப்பிப்பதைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். தண்டபாணி சம்சாரம் கண்ணைத் துடைத்தாள். முடிந்ததும் மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று தட்டியது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் கிண்டலில் அவருக்கு மரியாதை இருந்தது. இந்தக் கைதட்டலில் அது கிடையாது. ஒரு ஆளைச் சரிசமமாக நினைத்தால்தானே கிண்டல் செய்ய முடியும்.

பொன்னாடையோடு இறங்கி வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். முன் வரிசை, பின் வரிசை எல்லாம் எங்களையே பார்த்தது. அவருக்குத் தன் சத்தம் தெரியாது. ஊருக்கே கேட்கிற மாதிரி, “எப்படி புள்ள இருந்துச்சு?” என்றார்.

தண்டபாணி சம்சாரம் எனக்காகவே, “அருமைனு சொல்லுங்கக்கா” என்று கண்ணைக் காட்டினாள்.

நான் அவர் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தேன். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டேன். “சகிக்கலீங்க மாமா. ஒரு வரி, ஒரே ஒரு வரிகூட ராகத்துல நிக்கல. மொத சரணத்துலயே நான் எந்திரிச்சு ஓடியிருப்பேன். நீங்க நின்னு பாடறப்ப எப்படி ஓடறதுன்னுதான் உக்காந்திருந்தேன்.”

சுற்றி எல்லோரும் மூச்சை இழுத்துக்கொண்டது கேட்டது. யாரோ “என்ன பொம்பளை இவ” என்றார்கள். அதுவும் கேட்டது.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து என் கைகளைப் பார்த்தார். நான் அசைக்கவில்லை.

முதலில் அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பதறிப்போனேன். பிறகு சத்தம் வந்தது. நாற்காலி ஆட, பொன்னாடை நழுவிக் கீழே விழ, முன் வரிசையே திரும்பிப் பார்க்கச் சிரித்தார். அடக்கப் பார்த்தார், முடியவில்லை, இருமினார், மறுபடி சிரித்தார். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அந்தக் கேமராக்காரர் கேட்டபோது வராத கண்ணீர், இன்றைக்கு இந்தக் கேபிள் டிவிக்காரர் முன்னால் வந்து தொலைந்தது.

மேடையில் தண்டபாணி மைக்கைப் பிடித்து, “சார் உணர்ச்சிவசப்பட்டுட்டாருங்க” என்றார்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சாய்ந்தார். “இன்னொரு பாட்டு பாடட்டுமா புள்ள? தண்டபாணி ஆசைப்படறாப்ல” என்றார்.

எனக்குக் காது நன்றாகவே கேட்கும். அந்தக் குரலைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு அடையாளமும் வேண்டியதில்லை. ஆனாலும் அவர், அத்தனை பேருக்கு நடுவில், கையைத் தலைக்கு மேல் நேராகத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.